ரத்தம் எடுக்க வந்தால் என்ன கேட்பது?

கேட்டுத் தெளிவோம்: வாசகர் கேள்விக்குப் பதில்

“எங்களுக்குக் கொல்லிமலை, பைல் நாடு. குச்சிக்கிழங்கும் மிளகும்தான் வெள்ளாமை. மகள் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘சிக்கிள் செல்’ நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யப் போகிறோம் என்று ஒரு படிவம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்து, ஆதார் நகல், செல்போன் எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். மலைவாசிகளின் ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சிக்கு வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. ‘ரத்தத்தில் ஏதாவது இருக்கிறது என்று எழுதிவிட்டால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது’ என்கிறார் மாமியார். ‘நம்மை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கண்காணிக்கத்தான் இது’ என்கிறார் வீட்டுக்காரர். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?”

– ஒரு வாசகி, பைல் நாடு, கொல்லிமலை.

சகோதரி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை நல்லது, செய்துகொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் வாங்குங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பயம் இருக்கிறது. ஒன்றுகூட முட்டாள்தனமான பயம் இல்லை. ஆனால் மூன்றும் ஒன்றும் அல்ல. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நல்லதையும் தள்ளிவிடுவோம், கேட்க வேண்டியதையும் கேட்காமல் விட்டுவிடுவோம். அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

குச்சிக்கிழங்கை ஆலைக்கு அனுப்புகிறீர்கள். எத்தனை பாயிண்ட் மாவு என்பதை வைத்துத்தான் விலை. ஆலைக்காரர் சொன்ன பாயிண்டை அப்படியே நம்பிப் பணம் வாங்கி வருவீர்களா? “எங்கள் கண் முன்னால் பாருங்கள்” என்பீர்கள். அதற்காகக் கிழங்கே விற்க மாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதும் இல்லை. விற்கவும் வேண்டும், அளவையும் பார்க்க வேண்டும். மருத்துவ முகாமுக்கும் இதே புத்திதான் வேண்டும்.

இந்த நோய் நிஜமா?

நிஜம்தான். நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, நெகிழ்வாக இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவை அரிவாள் போல வளைந்து விறைத்துவிடும். அதனால்தான் ‘அரிவாள் செல் ரத்தசோகை’ என்று பெயர். விறைத்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பும் மூட்டும் தாங்க முடியாமல் வலிக்கும். ரத்தசோகை வரும், அடிக்கடி காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சிறு குழந்தைகள் இறந்தும் போவார்கள்.

இது யாரோ இப்போது புதிதாகக் கட்டிவிட்ட கதை அல்ல. இந்தியாவில் இந்த ரத்தக் குறை முதன்முதலாகப் பதிவானதே நம் பக்கத்தில்தான். 1952-ல் நீலகிரி மலை மக்களிடம் கண்டறிந்தார்கள். மலேரியா அதிகம் இருந்த காடு மலைப் பகுதிகளில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இது கூடுதலாக இருக்கிறது. காரணம், இந்தக் குறையில் பாதிப் பங்கு மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான மலேரியாவைத் தாங்கும் சக்தி உண்டு. ஆப்பிரிக்காவிலும் கிரேக்க நாட்டிலும்கூட இதே கதைதான். ஆகவே, “ஏன் மலைவாசிகளை மட்டும் தேடி வருகிறார்கள்?” என்ற கேள்விக்கு நோயின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இதற்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. அதில் சேர்ந்துள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பரிசோதனையால் என்ன லாபம்? கைக்குழந்தையிலேயே தெரிந்தால் தொற்று வராமல் மருந்து, தடுப்பூசி கொடுத்துக் காப்பாற்றலாம். வளர்ந்தவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை வலியையும் ரத்தம் ஏற்றும் தேவையையும் குறைக்கிறது. உங்கள் மகளுக்கு 15 வயது இருக்கும். நோயே இருந்தால் பெரும்பாலும் இதற்குள் ஏதாவது அறிகுறி காட்டியிருக்கும். அவளுக்குக் கிடைக்கும் முக்கியமான லாபம், தான் ‘பாதிப் பங்கு’ சுமப்பவளா இல்லையா என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது.

கல்யாணம் ஆகாதா?

மாமியாரின் பயத்துக்கு வருவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு வருகிறது. இரண்டு பங்கும் குறையுள்ளதாக வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் வந்தால் அவர் சுமப்பவர். அவர் நோயாளி இல்லை. காடு கொத்தலாம், சுமை தூக்கலாம், பிள்ளை பெறலாம், எல்லோரையும் போல வாழலாம்.

சுமப்பவர் ஒருவர், சுமக்காத ஒருவரைக் கல்யாணம் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வராது. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் பலர். “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை” என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்றுதான். மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது இருவரும் சுமப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடும். முன்பே தெரிந்தால் யோசித்து முடிவு செய்யலாம், கர்ப்பத்தின்போது மருத்துவரிடம் சொல்லி வழி கேட்கலாம்.

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஊர் வாய் வேறு மாதிரிப் பேசும். கிரேக்க நாட்டில் ஓர்க்கோமெனோஸ் என்ற ஊரில் 1970-களில் இதே நோய்க்கு ஊர் முழுக்கப் பரிசோதனை செய்து, யார் யார் சுமப்பவர் என்று சொன்னார்கள். சுமப்பவர்கள் ஒருவரை ஒருவர் மணப்பது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. சுமப்பவர்களை ஊரார் நோயாளிகள் போல ஒதுக்கினார்கள். பலர் தங்கள் முடிவை மறைத்தே பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். இரு சுமப்பவர்கள் சேரும் கல்யாணங்கள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ரத்தம் சோதித்தவர்கள் சரியாகத்தான் சோதித்தார்கள். முடிவை எப்படிச் சொல்வது, ஊருக்கு எப்படி விளக்குவது என்பதில் போதிய கவனம் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: “முடிவை யாரிடம் சொல்வீர்கள்?” வகுப்பறையில் பெயர் வாசித்துச் சொல்லக்கூடாது, பலகையில் ஒட்டக்கூடாது. மூடிய உறையில், பெற்றோரிடமும் பிள்ளையிடமும், விளக்கத்தோடு கொடுக்க வேண்டும். அட்டை கொடுத்தால் அது உங்கள் பெட்டியில் இருக்கட்டும். கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. முகாமில் முதலில் செய்வது பெரும்பாலும் ஒரு துளி ரத்தத்தில் பார்க்கும் எளிய சோதனை. திரவம் கலங்கினால் ‘இருக்கலாம்’ என்று பொருள். சுமப்பவரா, நோயாளியா என்று அது பிரித்துச் சொல்லாது. ஆய்வகத்தில் இரண்டாவது சோதனை செய்தால்தான் உறுதி. முதல் சோதனையை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

ரத்தத்தை விற்கிறார்களா?

வாட்ஸ்அப் செய்தியைப் பாருங்கள். யார் சொன்னார்கள், எந்த ஊரில், எந்த தேதியில், எந்த நிறுவனம் என்று ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது பெயரே இல்லாத விதைப் பொட்டலம் மாதிரி. யாரும் அதை விதைக்க மாட்டோம். சோதனைக்கு எடுப்பது சில துளி, அதிகம் போனால் சில மில்லி. அதை இன்னொருவர் உடம்பில் ஏற்ற முடியாது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது இப்படித்தான் நடந்தது. வாட்ஸ்அப்பில் வந்த புரளியால் ஏராளமான பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை ஊசி அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் போட்டு வந்ததுதான். அரசு சொல்வதை எத்தனை கேள்வி கேட்கிறோமோ, அத்தனை கேள்வியைப் புரளியையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் சந்தேகித்து மற்றதைக் கண்ணை மூடி நம்பினால் அதற்குப் பெயர் சந்தேகம் இல்லை.

ஆனால் “ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்களா?” என்பது நியாயமான கேள்வி. அப்படி நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள், 1990-களின் தொடக்கத்தில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆராய்ச்சி நடந்ததைப் பின்னால் அறிந்து வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. மீதமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

எனவே படிவத்தில் “ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்” என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எந்த ஆராய்ச்சி என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள். “சோதனைக்குச் சம்மதம், ஆராய்ச்சிக்குச் சம்மதம் இல்லை” என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

கையெழுத்து ஏன் முக்கியம்?

விடுதியில் படிக்கும் பிள்ளை என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு ஆய்வாகப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மாநில அரசுகளோடு சேர்ந்து நடத்தியது. கம்மத்தில் பழங்குடிப் பிள்ளைகள் பலர், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும், 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

விசாரணையில் இரண்டு விஷயம் தெரிந்தது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறை மோசமாக இருந்தது. நாடாளுமன்றக் குழு 2013-ல் தந்த அறிக்கைப்படி, ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948-ல் வெறும் கைநாட்டு.

மருந்து சரியா என்பது ஒரு கேள்வி. நம்மைக் கேட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. அந்த ஊசியை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தங்கள் சிறுமிகளுக்குப் போடுகின்றன. நல்ல ஊசிதான். பெற்றோரைக் கேட்காமல் போட்டதால் அதன் பெயரும் கெட்டது, அந்தச் சர்ச்சைக்குப் பின் அது நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் சேராமல் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. ஆகவே ஒப்புதல் கேட்பது சுகாதாரத் துறைக்கு இடைஞ்சல் இல்லை, அவர்கள் வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். உங்களுக்குப் படிவம் வந்திருக்கிறது என்பதே நல்ல அறிகுறி. உங்கள் கையெழுத்தை வேறு யாரும் போட விடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றினால்?

வீட்டுக்காரர் கேட்பதும் சரியான கேள்வியே. பட்டியல் இல்லாமல் சிகிச்சை கொடுக்க முடியாது. நோய் உள்ள பிள்ளைக்கு மாதாமாதம் மாத்திரை போய்ச் சேர வேண்டுமானால் பெயரும் ஊரும் வேண்டும். ஆனால் பட்டியல் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விவசாயிகளான நமக்கே தெரியும். 2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில், அதிகாரிகளின் கடவுச்சொல் இடைத்தரகர்கள் கைக்குப் போய், தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. பணத்தையாவது திரும்ப வசூலிக்கலாம். ரத்தத்தின் ரகசியம் வெளியே போனால் திரும்ப வாங்க முடியாது.

கேள்வி கேட்டால் பலன் உண்டா? உண்டு. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது செயலி வந்தது. மே மாதத் தொடக்கத்தில் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் கட்டாயம் என்றார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு, அதே மாதத்தில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். தகவலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று காலவரம்பும் வகுத்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டது. ஆதார் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளுக்கு உரிய எந்தப் பலனையும் மறுக்கக்கூடாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் சொன்னது. 14 இலக்க ஆபா சுகாதார எண்ணும் விருப்பம் இருந்தால் எடுப்பதுதான்.

கையில் வைத்துக்கொள்ள ஏழு கேள்விகள்

1. எந்த நோய்க்குச் சோதனை? எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்?

2. முதல் சோதனையில் ‘இருக்கலாம்’ என்று வந்தால் இரண்டாவது சோதனை எங்கே, எப்போது?

3. நோய் என்று உறுதியானால் மருந்து எங்கே கிடைக்கும்? செம்மேட்டிலேயே கிடைக்குமா, மலை இறங்கிப் போக வேண்டுமா?

4. முடிவை யாரிடம், எப்படிச் சொல்வீர்கள்?

5. மீதி ரத்தத்தை என்ன செய்வீர்கள்? ஆராய்ச்சிக்குப் போகுமா?

6. பெயர்ப் பட்டியலை யார் யார் பார்ப்பார்கள்? எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்?

7. ஆதார் கொடுக்காவிட்டால் சோதனை செய்வீர்களா, மாட்டீர்களா?

கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் பாவம், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து வேலை பார்ப்பவர்கள். எதிரிகள் இல்லை. உடனே பதில் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். படிவத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். ஆதார் நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ நகலை இ-சேவை மையத்தில் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் “சிக்கிள் செல் சோதனைக்கு மட்டும்” என்று எழுதித் தேதி போடுங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

நீங்கள் ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், கிராம சபையில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சுகாதாரத் துறையினரை வரவழைத்து, மேலே உள்ள ஏழு கேள்விக்கும் ஊர் முன்னால் பதில் சொல்லச் சொல்லித் தீர்மானம் போடலாம். ஒரு வீட்டின் சந்தேகத்தைத் தட்டிக் கழிக்கலாம். ஊரின் கேள்வியைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். அதிலும் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கு 15 வயது. ரத்தம் அவளுடையது, கல்யாணமும் அவளுடையது. இந்தப் பதிலை அவளையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். ஏழு கேள்வியையும் முகாமில் அவளே கேட்டாலும் தப்பில்லை.